பிடி காணாத பிரேக்

மன்னார்த் தீவில் பிரேக் என்பது பெரும்பாலும் ஒரு சம்பிரதாயம். ஏற மேடு இல்லாத ஊரில் இறங்கப் பள்ளமும் இல்லை. சைக்கிளில் வருபவர் செருப்பைத் தரையில் தேய்த்து நிற்பார். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து எதிரே வருபவரை நிற்க வைப்பார். இரண்டும் சரிவராத இடத்தில் கழுதைகள் நடுத்தெருவில் நின்று எல்லோரையும் நிறுத்திவிடும். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த காலத்தில் அரச வாகனங்களின் பழுதுபார்ப்புக் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போயின. ரயர் தேய்ந்தது, கண்ணாடி உடைந்தது, பெற்றோல் எப்படியோ ஆவியாகியது என்றெல்லாம் எழுதுவார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதியவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட ஊரில் என் கணவர் தம்முடைய கடைசி நல்ல வருடங்களை ஒரு காரின் பிரேக்கை நல்லதாக்குவதில் செலவழித்தார். அவர் போய் இப்போது மூன்று வருடம். காரைப் பற்றி விசாரிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு மறக்க முடியாமல் கிடப்பது அதுதான்.

அவர் கப்பலில் பொறியியலாளராக இருந்தவர். யுத்தத்தால் ஊரில் வாகனங்களுக்குப் பெற்றோலே இல்லாத வருடங்களில் அவர் எந்தெந்தக் கடலிலோ எஞ்சின் அறைக்குள் இருந்தார். நான் இங்கே அரச கந்தோரில் இடம்பெயர்ந்தோர் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தேன். அதற்கும் முன்னர், கல்யாணத்துக்கு முன், கொழும்பில் பயிற்சி பெற்ற நாட்களில் அவருக்கு வேறொரு வாழ்க்கை இருந்தது. களுத்துறைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதையில் கார் ஓட்டப் போட்டி நடக்கும். அங்கே இரவல் காரில் ஓடியிருக்கிறார். இரவல் என்றபடியால் ஒருநாளும் மனம் நிறைய ஓடவில்லையாம். யுத்தம் முடிந்து, நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, அதே ஓடுபாதையில் மூத்தவர்களுக்கென்று ஆண்டுக்கு ஒரு ஓட்டம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். சொந்தக் காரில் ஒரே ஒருமுறை அதில் ஓடவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். கனடாவில் இருக்கிற மகளுக்கும் அது தெரியும், பள்ளிமுனையில் இருக்கிற மச்சாளுக்கும் தெரியும். மச்சாள் என்றால் அவருடைய அக்கா.

அதற்கென்று அவர் வாங்கிய கார் ஜப்பானில் செய்தது. இரண்டே இருக்கை, மடங்குகிற கூரை, விளக்கைப் போட்டால் முன்பக்கத்தில் இரண்டு கண்கள் எழும்பி வரும். தோட்டவெளி ஊர்ப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். மச்சாள் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, பின்னுக்கு ஆரை ஏத்துறது?" என்று கேட்டார். ஒருவரையும் ஏற்ற முடியாது என்றதும், "அப்ப இது கார் இல்ல, ஆள் குந்துற கதிரை" என்றார்.

முதல் மாரி மழையிலேயே என் கணவரின் முறைப்பாடு தொடங்கியது. பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, பிடி காணாது, போதாது என்றார். எருக்கலம்பிட்டியில் ஒரு கராஜ்காரர் இருந்தார். நீண்ட காலம் புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய முஸ்லிம் மனிதர். நல்ல வேலைக்காரர், வாய் அதைவிட நல்லது. பிரேக் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும் என்று சொல்லிக் காற்றை எடுத்தார். அடுத்த வாரம் திரும்பவும் எடுத்தார். மூன்றாம் முறை போனபோது, "இஞ்சினியர் சேர், இனிக் காத்து எடுக்கிறதெண்டால் உங்கட நெஞ்சுக்குள்ளால தான் எடுக்கோணும்" என்றார்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கடலோரத்தில் அது இன்னும் வேகமாகக் குடிக்கும். ஈரம் குடித்த ஒயில் சூடேறினால் கொதித்துவிடும். கொதித்தால் பெடல் தரைமட்டும் போகும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தை முறைப்படி செய்வது எப்படி என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் ஒரே நாளில் ஒயில், சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேட், ரயர் மூன்றையும் மாற்றிவிட்டு, எது உதவியது என்று நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்கிற மனிதர். நான் இணையத்தில் தேடி வாசித்தேன். வாசித்துவிட்டு விதி போட்டேன். ஒரு தரத்துக்கு ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் சோதனை.

இடம், தோட்டவெளிக்கு அப்பால் தெரு நேராகப் போகிற துண்டு. காலையில் பேசாலை மீன் வாகனங்கள் போய் முடிந்த பிறகு அங்கே போவோம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் நிற்பேன். அவர் தூரத்திலிருந்து வருவார். ஒரு பனைக்கு நேரே வந்ததும் மிதிப்பார். கார் நின்ற இடத்தில் நான் ஒரு கல்லை வைப்பேன். அரச சேவையில் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு தெளிவான பலன் தந்ததில்லை.

தெருவுக்கும் ஓடுபாதைக்கும் ஒரே பேட் உதவாது என்பது நாங்கள் சண்டை பிடித்து அறிந்த பாடம். பந்தய பேட் சூடேறினால்தான் பிடிக்கும். ஓடுபாதையில் ஒவ்வொரு வளைவிலும் மிதிபட்டு அது நெருப்பாகிவிடும். மன்னாரில் காலையில் மீன் வாங்கப் போகிற கார் எந்த வளைவில் சூடேறுவது? அவர் என் சொல் கேட்கவில்லை, அதையே வாங்கிப் போட்டார். பள்ளிமுனைச் சந்தியில் ஒரு கழுதையைக் கண்டு மிதிக்க, கார் ஆறுதலாக யோசித்து யோசித்துப் போய் அதன் வயிற்றில் முட்டி நின்றது. கழுதை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. தெருவுக்கு ஒரு சோடி, ஓட்டத்துக்கு ஒரு சோடி என்று அன்றைக்கே தீர்மானமாயிற்று. அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் கூட்டறிக்கை எழுத வேண்டியிருக்கவில்லை.

பிறகு றப்பர் குழாய்களை எடுத்துவிட்டு, வெளியே எஃகுக் கம்பி பின்னிய குழாய்கள் போட்டோம். றப்பர் உப்பும், உப்பினால் காலின் அழுத்தம் அதிலேயே வீணாகும். அதற்குப் பிறகு, பேட் கவ்விப் பிடிக்கிற பெரிய டிஸ்க்குகள் வந்தன. கொழும்புச் சுங்கத்தில் அவற்றை விடுவிக்க நான்தான் போனேன். எந்த மேசையில் எந்த முத்திரை என்பதை அங்கிருந்தவர்களுக்கே நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முன்சில்லுக்கு, அதாவது முன்சக்கரத்துக்கு, மட்டும் பெரிதாகப் போட்டால் பின்சில்லு சும்மா கூடவரும் என்று வாசித்திருந்தேன். அதற்கும் ஒரு மாதம் வாதாடினோம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கல் பனையை நோக்கி நகர்ந்தது. அதாவது, கார் முன்னையதைவிடக் கிட்ட நின்றது. கல் நகர்ந்துகொண்டே வந்தது. அவருடைய முறைப்பாடு மட்டும் நகரவில்லை.

"காணாதப்பா. பிடி காணாது."

"இந்தக் கல்லைப் பாருங்கோ. போன மாசம் எங்க நிண்டது?"

"கல் என்ன சொன்னால் எனக்கென்ன? கால் சொல்லோணும்."

அவர் விளக்கம் இதுதான். வேகமாக ஓடுவது எஞ்சினின் வேலை. எங்கே பிடிப்பது என்பதுதான் ஓட்டுபவரின் வேலை. சில்லு சுழலாமல் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன் பெடலில் ஒரு மெல்லிய நடுக்கம் வரும். அந்த நடுக்கத்திலேயே காலை வைத்திருக்கத் தெரிந்தவர்தான் கடைசிவரை பொறுத்துப் பிடிக்கலாம். அந்த நடுக்கம் இந்தக் காரில் வரவேயில்லை. இரவல் கார்களில்கூட வந்தது, இதில் வரவில்லை என்று பிள்ளை மாதிரிக் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆவணியில் மடு மாதா கோயில் திருநாள். மகளுடைய பிரசவம் கடினமாக இருந்தபோது அவர் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். மடுச் சந்தியிலிருந்து கோயில்மட்டும் செருப்பில்லாமல் நடப்பதென்று. தாயும் பிள்ளையும் சுகம். ஆகவே நடந்தார். நானும் மச்சாளும் கோயில் பங்குச் சனங்களோடு வான் வண்டியில் ஊர்ந்துகொண்டு போனோம். தார் இளகிக் கிடந்த மத்தியான நேரம். இளந்தாரிகள் துள்ளித் துள்ளித் தெருவோரப் புல்லுக்கு ஓடினார்கள். அவர் ஓடவில்லை. நடுத்தெருவில், செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை நடைக்குப் போகிறவர் மாதிரிப் போனார். வண்டிக்குள் பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

பின்னேரம் மர நிழலில் காலை நீட்டியபோது உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கருவேல முள் ஏறி, ஒடிந்து, உள்ளேயே இருந்தது. நான் குண்டூசியால் எடுத்தேன். அவர் மரக்கிளையில் இருந்த குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோகேல்லையா தம்பி?" என்று மச்சாள் கேட்டார்.

"இல்லையக்கா. நடந்ததே தெரியேல்ல."

மச்சாள் அழத் தொடங்கிவிட்டார். மாதா என் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தா என்று சொல்லிச் சொல்லி அழுதார். சுற்றி இருந்தவர்கள் முழந்தாளிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தச் செய்தி பள்ளிமுனை முழுவதும் பரவியது. அதற்கடுத்த வாரம் முள்ளிக்குளத்திலிருந்தும் சனம் வந்தது. எங்கள் வீட்டு மண்டபத்தில் அவரைக் கதிரையில் இருத்தி, காலை முக்காலியில் வைத்து, சிலர் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்து அந்தப் பாதத்தில் வைத்தாள். ஒரு திருத்தலம் அமைப்பதற்கு மேற்றிராணியாராகிய ஆயரின் அனுமதி வேண்டும், விசாரணைக் குழு வேண்டும், பல வருடம் பொறுக்க வேண்டும் என்பதை நான் அறிவேன். எங்கள் வீட்டில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்ட அன்றைக்கே ஒன்று திறக்கப்பட்டுவிட்டது. பங்குச் சுவாமி வந்து பார்த்தார். போகும்போது என்னிடம் மட்டும் அவரை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

என் கணவருக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. எஞ்சினைத் தவிர வேறொன்றையும் நம்பாத மனிதர், வந்தவர்களுக்குத் தாமே அந்த நடையை விபரித்தார். ஒவ்வொரு முறையும் தெரு இன்னும் கொஞ்சம் சூடாகியது.

நான் அதற்குள் கல்லையும் காலையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்து நெடுங்காலம். மருந்துக் குளிசைகளை ஒழுங்காகத் தவறவிடுவார்.

மன்னார் ஆசுபத்திரியில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை. கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு பேனை போன்ற ஒரு பிடியில் பொருத்திய நைலோன் நரம்பை எடுத்தாள். மீன்பிடி நரம்பு மாதிரிதான் இருந்தது.

"ஐயா, கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ."

அவர் கண்ணை மூடினார். கப்பலில் எஞ்சினின் சத்தத்தைக் கேட்பதற்கும் அப்படித்தான் கண்ணை மூடுவேன் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். டொக்டர் பெருவிரலில் வைத்து அழுத்தினாள். நரம்பு வில்லாக வளைந்தது. பிறகு மற்ற விரல்களில். பிறகு பாதத்தின் முன் மேட்டில், பெடலில் படுகிற அந்த இடத்தில். பிறகு நடுவில், விளிம்பில், குதியில். அவர் முகத்தில் கவனம் இருந்தது. நல்ல மாணவனின் கவனம்.

"தொடங்குங்கோ பிள்ள," என்றார். "நான் ரெடி."

டொக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நேர அட்டவணையைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்து, பிறகு டொக்டரின் கையைப் பார்த்தார். நரம்பு இன்னமும் அவருடைய காலில் குத்தி நின்றது.

செருப்பில்லாமல் நடக்கக்கூடாது, ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும், வாகனம் ஓட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னாள். இந்த உணர்வைத் திருப்பித் தருமா மருந்து என்று அவர் கேட்டார். இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். நல்ல பதில். நாங்களும் கந்தோரில் இல்லை என்று சொல்வதற்கு அப்படித்தான் எழுதுவோம்.

ஓட்டோவில் வரும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அக்காவுக்குச் சொல்லாதேயும்."

சொல்லவில்லை. மச்சாள் இன்றுவரை அந்தப் பாதத்தைப் பற்றிப் புதிதாய் வருபவர்களுக்குச் சொல்கிறார். நான் தேநீர் ஊற்றப் போய்விடுவேன்.

சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவருடைய உடல்நிலை மாறினால் யாருக்கு அறிவிப்பது, யார் பரிசோதிப்பது, எப்படி நிறுத்துவது என்ற வழி முழுவதும் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு போவேன். அந்த வழியில் அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தெருவில் போகிற பிள்ளைகளை அவருடைய காலிடம் ஒப்படைக்கவும் மனமில்லை. அடுத்த நாள் காலை கார்த் திறப்புச் சாவியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். தெரு எனக்கு, ஓடுபாதை உங்களுக்கு என்றேன். அவர் முற்றத்தில் நின்ற காரை ஒருதரம் சுற்றி வந்தார். பிறகு, "கியரை அரைக்காமல் போடும்," என்றார்.

அன்றிலிருந்து நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து என் கியர், என் ஸ்டியரிங், நான் வேலியை உரசிப் போவது எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொன்னார். பிரேக் எப்படி என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. உண்மையில் அது மிக நல்ல பிரேக். நான் கால் விரல்களை மடக்கினாலே கார் அறியும்.

ஓட்டத்தை அவர் விடவில்லை. பெடலை மிதிப்பது பாதமல்ல, முழங்கால் என்று ஒரு வாதம் கண்டுபிடித்தார். பாதத்துக்குத் தெரியாவிட்டாலும் முழங்காலுக்கும் தொடைக்கும் தெரியுமாம். பெடல் போதிய அளவு எதிர்த்துத் தள்ளினால் சரியாம். காரில் பூஸ்டர் என்று ஒன்று உண்டு. மெதுவாக மிதித்தாலும் பலமாகப் பிடிக்க உதவுகிற வட்டப் பெட்டி. பந்தயக்காரர் சிலர் அதைக் கழற்றிவிடுவதுண்டு. பெடல் கல்லாக இருக்கும், ஆனால் கால் போடுகிற அழுத்தம் நேரே போகும். அதைக் கழற்ற வேண்டும் என்றார். இது வாகனத்தில் செய்யும் மாற்றம், அனுமதி எடுக்காமல் தெருவில் ஓடக்கூடாது என்றேன். எடும் என்றார். எடுத்தேன். கராஜ்காரர் காரணம் கேட்டார். பந்தயத்துக்கு என்று சொன்னோம். "மற்றாக்கள் பிரேக்கை லேசாக்கக் காசு குடுக்கிறாங்க. நீங்க கஷ்டமாக்கக் குடுக்கிறீங்க. படிச்சாக்கள் வேற மாதிரித்தான்" என்றார்.

பூஸ்டர் இல்லாமல் சந்தைக்குப் போய் வருவதற்குள் என் தொடை நொந்துவிடும். ஆனால் தோட்டவெளி நேர்த் தெருவில், ஒரு சனமும் இல்லாத காலையில், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் ஒருதரம் மிதித்துப் பார்த்தார். முழங்கால் வரை ஏதோ வந்தது போலும். "கிடக்கப்பா," என்றார். "இப்ப ஏதோ கிடக்கு." அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. அன்று நான் கல் வைக்கவில்லை.

களுத்துறைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஓட்டத்துக்கு முந்திய நாள் பயிற்சி. காரைப் பரிசோதிக்க ஒரு குழு இருந்தது. சில்லுகளைக் கழற்றினார்கள், குழாய்களை இழுத்துப் பார்த்தார்கள், ஒயிலை முகர்ந்து பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு டொக்டர் இருந்தார். இரத்த அழுத்தம் பார்த்தார், சுகம்தானே என்று கேட்டார், கையெழுத்து வைத்தார். காரின் சில்லைக் கழற்றிப் பார்த்தவர்கள் மனிதனின் சப்பாத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு நடைமுறையின் ஓட்டையை நான் அவ்வளவு நன்றியோடும் அவ்வளவு பயத்தோடும் பார்த்ததில்லை.

நான் நேர்ப்பாதை முடிகிற வளைவில், வேலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவருடைய கார் மற்றவர்களோடு வந்தது. எல்லோரும் பிடித்த இடத்தைத் தாண்டியும் அவர் பிடிக்கவில்லை. பிறகு மிதித்தார். முன்சில்லுகள் இரண்டும் பூட்டி, நீலப் புகை கிளம்பி, கார் வளையாமல் நேரே வழுக்கிப் புல்லுக்குள் போனது. திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். அடுத்த சுற்றில் மிகவும் முந்திப் பிடித்தார். பின்னால் வந்தவர் விலகிப் போகும்போது கையைக் காட்டி ஏதோ திட்டினார். அதற்கடுத்த சுற்றில் மறுபடியும் பூட்டியது. இம்முறை ஒரு வெள்ளைக் காரின் கதவுக்கும் அவருடைய காரின் மூக்குக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க இடமில்லை. நான் வேலிக் கம்பியை விட்டபோது உள்ளங்கையில் கம்பியின் தடம் இருந்தது.

அவர் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். முகம் முழுவதும் வியர்வை.

"இன்னும் பிடி காணாது," என்றார்.

அவரோடு அந்தக் காலத்தில் ஓடிய சிங்கள நண்பர் ஒருவர் அங்கே இருந்தார். காரை இரவல் கொடுத்தவரும் அவர்தான். வயிறு வைத்து, தலை வெளுத்திருந்தார். நான் ஒருதரம் பார்க்கிறேன், பேட்டில் ஏதாவது இருக்கும் என்று சொல்லி ஏறினார். இரண்டு சுற்று ஓடினார். நேர்ப்பாதையின் முடிவில் அவர் மிதிப்பதை நாங்கள் இருவரும் பார்த்தோம். கார் ஒருதரம் மூக்கைத் தாழ்த்தி, அமைதியாக வளைந்து போயிற்று. அடுத்த சுற்றில் இன்னும் பிந்தி மிதித்தார். அப்போதும் அப்படியே போயிற்று.

இறங்கி வந்தபோது அந்த மனிதர் சின்னப் பிள்ளையாகியிருந்தார். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து, தன் வாழ்நாளில் இப்படி ஒரு பிரேக்கை மிதித்ததில்லை என்றார். சில்லு பூட்டப் போவதைக் கால் விரலுக்குக் கடிதம் போட்டுச் சொல்கிறது, யார் மச்சான் இதைச் செய்தது என்று கேட்டார். என் கணவர் என்னைக் காட்டினார். நண்பர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதைப் போல ஒரு பாராட்டு நாற்பது வருட அரச சேவையில் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நிலம் பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

நண்பர் போன பிறகு அவர் காரின் கதவில் சாய்ந்து நின்றார். தம் வலது காலைச் சற்று உயர்த்தி, தரையில் வைத்தார். திரும்ப உயர்த்தி, திரும்ப வைத்தார். தரை இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

"வேறொரு பேட் போட்டுப் பாப்பமா?" என்றேன்.

"போட ஒண்டும் இல்லப்பா. எல்லாம் போட்டாச்சு."

தலைக்கவசத்தை என்னிடம் தந்துவிட்டுத் தாமே மேசைக்குப் போய்த் தம் பெயரை நீக்கச் சொன்னார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிரேக் கோளாறு காரணமாக அவர் ஓட்டத்திலிருந்து விலகுகிறாராம். சிங்களத்தில் சொன்னார்கள், ஆங்கிலத்தில் சொன்னார்கள். பிழையான காரணம் எழுதிவந்த கோப்பை நான் ஒருநாளும் கையெழுத்திட்டு விட்டதில்லை. திருப்பி அனுப்பியே பெயர் எடுத்தவள். அதை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

மத்தியானத்துக்கு முன்பே புறப்பட்டோம். கொழும்பின் நெரிசலில் என் தொடை போய்விட்டது. புத்தளம் தாண்டும்வரை அவர் என் கியரைக் குறை சொல்லவில்லை. மதவாச்சியில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது இறங்கவில்லை. நான் கொண்டுவந்து கொடுத்தேன். மடுச் சந்தி வந்தது. தெருவோரத்தில் மாதாவின் பெயர்ப் பலகை. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நானும் போட்டேன்.

அதற்கப்பால் ஒரு மாட்டுப் பட்டி தெருவைக் கடந்தது. மிதித்தேன், நின்றது. கடைசி மாடு போகும்வரை அவர் தம் முன்னாலிருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய வலது கால் விரிப்பை அழுத்தி நின்றது. தெரிந்துதான் அழுத்தினாரோ தெரியாது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"என்னது?"

"பெடல். மிதிக்கேக்க எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா எண்டால்? கந்தோர்க் கதை கதையாதேயும். சொல்லும்."

எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தரம் கவனித்துச் சொல்கிறேன் என்றேன். முருங்கனுக்கு முன்னால் ஒரு லொறி திரும்பியது. மிதித்தேன். முதலில் கொஞ்சம் வெறுமை, பிறகு ஒரு சுவர், அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெறுமை எவ்வளவு என்றார். பெருவிரல் தடிப்பு என்றேன். சுவர் வழுவழுப்பா, சொரசொரப்பா? சொரசொரப்பு, ஆனால் மெல்லிசு, பலகையை உளி சீவுகிற மாதிரி என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதுதான், அதுதான் என்று மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு தேவையில்லாத இடங்களிலும் மிதித்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார், நான் சொன்னேன். பின்னால் வந்த பஸ்காரர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ, ஹோர்ன் அடித்து அடித்துக் கடைசியில் முந்திப் போனார். பொழுது பட்டு, பாலம் வந்தது. இரண்டு பக்கமும் கடல் கறுத்துக் கிடந்தது. ஆளில்லாத தெருவில் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். இப்ப பிடியும் என்றார், இன்னும், இன்னும், விடாதேயும் என்றார். என் காலுக்குக் கீழே ஒரு மெல்லிய நடுக்கம் வந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வந்திட்டுதோ?" என்றார்.

"ஓம். வந்திட்டுது."

"எப்பிடி?"

பூனைக்குட்டியின் நெஞ்சில் கால் வைத்த மாதிரி என்றேன். அவர் முகத்தை மறுபக்கம் கடலை நோக்கித் திருப்பிக்கொண்டார். வீட்டுப் படலை வாசலில் காரை நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தியும் கொஞ்ச நேரம் என் கால் பெடலில்தான் இருந்தது.